சைக்கிள் துரத்துப் பந்தயம்

பந்தயம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றும் காட்சி ஒன்றே. போட்டியிடுவோர் அனைவரும் ஒரே கோட்டில் நிற்பர். ஒரே ஒலி கேட்டுப் புறப்படுவர். ஒருவரையொருவர் முந்த முயல்வர். முதலில் எல்லையைத் தொட்டவர் வென்றவராவார். குதிரைப் பந்தயமாயினும், படகுப் பந்தயமாயினும், பள்ளி விளையாட்டு விழாவில் சிறுவர் ஓடும் ஓட்டமாயினும் இம்முறையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் சைக்கிள் உலகில் இதற்கு மாறான பந்தயம் ஒன்று உண்டு. அதில் போட்டியிடுவோர் இருவர். அவர்கள் அருகருகே நிற்பதில்லை. வட்டமான களத்தின் இரு பக்கங்களிலும், ஒருவருக்கொருவர் நேர் எதிரே நிற்கிறார்கள். இருவரும் ஒரே சமயத்தில், களத்தை ஒரே முகமாகச் சுற்றிவரப் புறப்படுகிறார்கள். ஆதலின் ஒவ்வொருவரும் மற்றவரைத் துரத்துகிறார். அதே வேளையில் அவரால் துரத்தவும் படுகிறார்.

இதனை ஆங்கிலேயர் 'பர்சூட்' என்பர். பிரெஞ்சுக்காரர் 'பூர்சூயித்' என்பர். இத்தாலியர் 'இன்ஸெகுயிமெந்தோ' என்பர். ஜெர்மானியர் 'ஃபெர்ஃபோல்குங்' என்பர். எல்லாவற்றுக்கும் பொருள் துரத்துதல் என்பதே. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்கு இத்தகைய சொல் வருத்தம் தருவதில்லை; 'துரத்துப் பந்தயம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஆயினும் சொல் கிடைத்துவிட்டதால் பொருள் விளங்கிவிட்டதாகாது. சர்வதேசப் போட்டிகளில் ஒருவர் மற்றவரைத் துரத்திப் பிடித்துவிடுவது அரிதாகவே நிகழ்கிறது. பின் அவர்கள் எதைத் துரத்துகிறார்கள்? எதைக் கொண்டு வெற்றி தோல்வி தீர்மானிக்கப்படுகிறது? இதை அறியாமல் பார்ப்பவருக்கு இப்பந்தயம் சுவையற்றதாகத் தோன்றும். அறிந்து பார்ப்பவர் இருக்கையை விட்டு நகர மாட்டார்.

முதலில் களத்தைப் பற்றிச் சில சொற்கள். இன்று பெரிய போட்டிகள் நடைபெறும் களம் 250 மீட்டர் சுற்றளவு உள்ளது. மரப்பலகைகளால் இழைத்தமைக்கப்பட்டது. நேரான பகுதிகளில் சிறிதளவு சாய்ந்தும், வளைவுகளில் சற்றேறக்குறைய 42 பாகை அளவுக்குச் செங்குத்தாக எழும்பியும் இருக்கும். வளைவில் நின்று மேலே நோக்கினால் வீட்டுக் கூரையின் அடியில் நிற்பது போன்ற உணர்ச்சி உண்டாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வண்டி வெளிப்புறம் வீசி எறியப்படாமலிருக்க இச்சரிவு துணை செய்கிறது.

வண்டியோ நாம் தினமும் காணும் வண்டியன்று. அதற்குப் பிரேக் இல்லை. மாற்றிக்கொள்ளும் பற்சக்கரங்களும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் உண்டு. மிதியை நிறுத்திவிட்டு வண்டியை அதன் போக்கில் ஓடவிடும் வசதியும் கிடையாது. பின்சக்கரம் சுழலும் வரை மிதியும் சுழலும். கால்களும் சுழன்றுதான் தீர வேண்டும். சுருங்கச் சொன்னால், இதில் ஏறியவருக்கு நடுவழியில் ஓய்வு என்பதே இல்லை.

தனிநபர் பந்தயத்தில் ஆடவர் கடக்க வேண்டிய தூரம் 4,000 மீட்டர். அதாவது 16 சுற்றுகள். பெண்டிர்க்கு நெடுங்காலம் 3,000 மீட்டராக இருந்த தூரம் 2025ஆம் ஆண்டு முதல் 4,000 மீட்டராக ஆக்கப்பட்டுள்ளது. உலகச் சாம்பியன் போட்டியின் தகுதிச் சுற்றில் ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, முதல் இருவரைத் தங்கப் பதக்கத்துக்கும், அடுத்த இருவரை வெண்கலப் பதக்கத்துக்கும் மோத விடுகிறார்கள். இறுதிப் போட்டியில் ஒருவர் மற்றவரை எட்டிப் பிடித்துவிட்டால் ஆட்டம் அத்துடன் முடிந்தது. அவ்வாறு நேராவிடில், தமக்குரிய பக்கத்தில் உள்ள கோட்டை முந்தித் தொட்டவர் வென்றவராவார்.

இங்கேதான் இப்பந்தயத்தின் உள்ளுறை வெளிப்படுகிறது. போட்டியாளர் பக்கத்தில் இல்லை. அவர் எவ்வளவு முந்தியிருக்கிறார், எவ்வளவு களைத்திருக்கிறார் என்பதைச் சைக்கிள் மீது குனிந்திருப்பவர் சரிவரக் காண இயலாது. அவர் கவனித்துக்கொள்ள வேண்டியது தம் வேகத்தை மட்டுமே. புறப்படும்போது உடலில் தெம்பு மிகுந்திருக்கும். அரங்கில் ஆரவாரம் ஓங்கியிருக்கும். பாய்ந்து செல்ல மனம் துடிக்கும். அந்தத் துடிப்புக்கு இடங்கொடுத்தவர் பெரும்பாலும் தோற்றுப்போகிறார்.

காரணம் காற்று. சமதளத்தில் விரைந்து செல்லும் சைக்கிள் வீரரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதை வெல்வதற்கு ஒவ்வொரு விநாடியும் செலவிட வேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகிறது. எனவே முதல் கிலோமீட்டரில் அளவு மீறி விரைந்து ஒரு விநாடியை மிச்சப்படுத்துபவர், அதற்காகக் கொடுத்த விலையைக் கடைசிக் கிலோமீட்டரில் இரண்டு மூன்று விநாடிகளாகத் திருப்பிச் செலுத்த நேரிடும். மாதச் சம்பளக்காரர்களாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். முதல் வாரத்தில் கையை வீசிச் செலவு செய்தவர் கடைசி வாரத்தில் என்ன பாடு படுவார் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நின்ற நிலையிலிருந்து கிளம்ப வேண்டியிருப்பதால் முதல் சுற்றுக்கு மட்டும் நேரம் கூடுதலாகும். அதற்குப் பின் வரும் சுற்றுகளை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவான நேரத்தில் முடிப்பவரே தேர்ந்த வீரர்.

இந்த அளவைக் காக்கப் பயிற்சியாளர் ஒரு வழி கையாள்கிறார். களத்தின் ஓரத்தில், குறித்த கோட்டருகே நின்றுகொள்கிறார். வீரர் முன்னரே வகுத்த கணக்குக்கு முந்தியிருந்தால் கோட்டுக்கு ஒரு பக்கமாகவும், பிந்தியிருந்தால் மறு பக்கமாகவும் சில அடிகள் நகர்ந்து நிற்கிறார். ஆரவாரத்தில் சொல் காதில் விழாது. ஆனால் தம் பயிற்சியாளர் நிற்கும் இடத்தைக் கண்டதும் வீரருக்குச் செய்தி எட்டிவிடுகிறது.

இனி இப்பந்தயத்தில் புகழ் நாட்டியவர்களைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகச் சாம்பியன் போட்டிகளில் இது நிலையான இடம் பெற்றது. நெடுஞ்சாலைப் பந்தயங்களில் ஈடிணையற்று விளங்கிய இத்தாலியரான ஃபாஸ்டோ கொப்பி, 1947லும் 1949லும் தொழில்முறை வீரர்களுக்கான துரத்துப் பந்தயத்தில் உலகச் சாம்பியனானார். மலைகளைக் கடந்து நாள்கணக்கில் ஓட்டுபவருக்கும் இந்தச் சில நிமிடப் பந்தயம் தகுந்த உரைகல்லாக இருந்தது. அடுத்த பத்தாண்டில் பிரான்சின் ரோஜே ரிவியேர் 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து அப்பட்டத்தை வென்றார்.

பெண்டிர்க்கான உலகத் துரத்துப் பந்தயம் 1958இல் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே இங்கிலாந்தைச் சேர்ந்த பெரில் பர்ட்டன் என்னும் மாது முதலிடம் பெற்றார். 1959, 1960, 1962, 1963, 1966 என ஐந்து முறை அவர் உலகச் சாம்பியனாக விளங்கினார். யார்க்ஷயரில் ஒரு பண்ணையில் உடலுழைத்து, குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு, பணம் பெறாத விளையாட்டு வீராங்கனையாகவே அவர் கடைசி வரை இருந்தார். 1967இல் சாலையில் நடந்த 12 மணி நேரப் பந்தயத்தில் 277.25 மைல் ஓட்டி, அன்று ஆடவருள் முதல்வராக வந்தவரையும் தூரத்தில் விஞ்சினார். இத்தகையவருக்கு ஒலிம்பிக்கில் சைக்கிள் ஓட்டும் வாய்ப்புக் கிட்டவே இல்லை. 1984 வரையில் ஒலிம்பிக்கில் பெண்டிர்க்குச் சைக்கிள் பந்தயம் எதுவுமே இல்லாதிருந்ததே காரணம். துரத்துப் பந்தயம் அவர்களுக்கு 1992இல்தான் திறந்தது. அப்போது அவருடைய சிறந்த ஆண்டுகள் கழிந்து வெகு காலம் ஆகியிருந்தது.

ஆடவர் தனிநபர் பந்தயம் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. செக்கோஸ்லோவாகியாவின் யிர்ஷி டாலர் முதல் தங்கத்தை வென்றார். பின்னர் 1992இல் பார்சிலோனாவில் பிரிட்டனின் கிறிஸ் போர்டுமன் கார்பன் நாரால் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்ட புதுவகை வண்டியில் ஏறி வந்தார். இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் யென்ஸ் லேமனைத் துரத்தி எட்டிப் பிடித்தேவிட்டார். அரிதாகவே காணக் கிடைக்கும் காட்சி அன்று ஒலிம்பிக் இறுதியிலேயே நிகழ்ந்தது. வண்டி வென்றதா, வீரர் வென்றாரா என்ற கேள்வியும் அன்றே எழுந்தது.

அந்தக் கேள்விக்கு மறு பக்கத்திலிருந்து விடை கூறியவர் ஸ்காட்லாந்துக்காரரான கிரேம் ஓப்ரி. அவரிடம் பெரிய நிறுவனத்தின் ஆதரவு இல்லை. தம் வண்டியைத் தாமே கட்டினார். துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து எடுத்த பேரிங்கை அதில் பொருத்தினார். கைகளை மார்புக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டு காற்றுக்கு இடங்கொடாமல் ஓட்டும் முறையொன்றையும் கண்டார். 1993இல் நார்வேயின் ஹாமரில் நடந்த உலகப் போட்டியின் அரையிறுதியில் போர்டுமனையே தோற்கடித்துப் பின் பட்டத்தையும் வென்றார். அடுத்த ஆண்டு அவருடைய அமர்வு முறையைச் சர்வதேசச் சைக்கிள் ஒன்றியம் தடை செய்தது. அவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். மனம் தளராமல் கைகளை முன்னே நீட்டி ஓட்டும் வேறொரு முறையை உருவாக்கி, 1995இல் மறுபடியும் உலகச் சாம்பியனானார். அம்முறையையே 1996இல் போர்டுமன் கையாண்டு, மான்செஸ்டரில் 4 நிமிடம் 11.114 விநாடியில் பந்தயத்தை முடித்தார். பிறகு அம்முறையும் தடை செய்யப்பட்டது. ஆனால் அவர் பதித்த நேரம் 14 ஆண்டுகளுக்கு மேல் அழியாமல் நின்றது.

தனிநபர் பந்தயத்துக்கு மூத்தது அணித் துரத்துப் பந்தயம். இது 1908 லண்டன் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. இதில் அணிக்கு நால்வர். ஒருவர் பின் ஒருவராக, சக்கரத்தோடு சக்கரம் உரசும் நெருக்கத்தில் செல்வர். முன்னே செல்பவர் காற்றை ஏற்றுக்கொள்ள, பின்னே வருவோர்க்கு உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது. முன்னவர் தம் பங்கை முடித்ததும் வளைவின் சரிவில் மேலே ஏறி, மற்ற மூவரையும் முன்னே விட்டு, வரிசையின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்கிறார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அணியின் நேரம் முதலில் வருபவரைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. மூன்றாவதாக வருபவரின் முன்சக்கரம் கோட்டைத் தொடும் கணமே அணியின் நேரம். நால்வருள் ஒருவர் வழியில் விலகலாம். ஆதலால் ஒருவர் தம் வலிமையை எல்லாம் முன்கூட்டியே தோழர்களுக்காகச் செலவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. ஆனால் எஞ்சிய மூவரில் மிக வலியவர் தாம் மட்டும் பறந்து சென்றால் பயனில்லை. மூன்றாமவர் தொடர்ந்து வரக்கூடிய வேகமே அவர்களுடைய வேகம்.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதியில் இத்தாலியும் டென்மார்க்கும் மோதின. கடைசிக் கிலோமீட்டர் தொடங்கும்போது இத்தாலி பின்தங்கியிருந்தது. அதன் வீரர் ஃபிலிப்போ கன்னா முன்னே வந்து, தோழர்கள் அறுந்து போகாத அளவில் வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினார். முடிவில் இத்தாலி 3 நிமிடம் 42.032 விநாடி, டென்மார்க் 3 நிமிடம் 42.198 விநாடி. நான்கு கிலோமீட்டருக்குப் பின் இரு அணிகளுக்கும் இடையே இருந்தது சுமார் 3 மீட்டர் இடைவெளிதான். அடுத்த ஒலிம்பிக்கில், 2024 பாரிசில், ஆஸ்திரேலிய அணி 3 நிமிடம் 40.730 விநாடியில் ஓட்டி அந்த நேரத்தையும் முறியடித்துத் தங்கமும் வென்றது.

அணிப் பந்தயம் இவ்வாறு ஒலிம்பிக்கில் தொடர, தனிநபர் பந்தயத்துக்கோ அங்கே இடமில்லாமல் போயிற்று. 2008 பெய்ஜிங்கில் பிரிட்டனின் பிராட்லி விகின்ஸும் ரெபெக்கா ரொமேரோவும் வென்ற பதக்கங்களே அதில் கடைசி ஒலிம்பிக் தங்கங்கள். ரொமேரோ அதற்கு முந்திய ஒலிம்பிக்கில் படகு வலித்து வெள்ளி பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் போட்டிகளின் எண்ணிக்கையைச் சமமாக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு நிகழ்ச்சி நிரலை மாற்றியமைத்தபோது, 2012 முதல் இது நீக்கப்பட்டது. சமநிலை வந்தது, பெண்டிர்க்கு அணித் துரத்துப் பந்தயமும் கிடைத்தது. ஆயினும் தனி மனிதரின் அளவறிந்த உழைப்பைச் சோதிக்கும் பந்தயம் ஒன்று அப்பெருமேடையை இழந்தது. இது வருந்தத்தக்கதே என்பது நம் கருத்து.

மேடை போனாலும் பந்தயம் மடியவில்லை. உலகப் போட்டியில் அது தொடர்கிறது; அதன் மிகப் பெரிய சாதனைகளும் அதற்குப் பின்னரே வந்தன. 4,000 மீட்டரை 4 நிமிடத்துக்குள் கடப்பது என்றால், நின்ற நிலையிலிருந்து புறப்பட்டும், சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியாக வேண்டும். 1954இல் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடிய செய்தி அன்று உலகெங்கும் பேசப்பட்டது. சைக்கிள் களத்தில் அதற்கு நிகரான எல்லையை 2021 ஆகஸ்டில் அமெரிக்கரான ஆஷ்டன் லாம்பி கடந்தார். கடல் மட்டத்துக்கு 1,800 மீட்டருக்கு மேல், காற்று மெலிந்த மெக்சிகோ நாட்டு அகுவாஸ்காலியெந்தஸ் நகரில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 59.930 விநாடி. அடுத்த ஆண்டு கன்னா அதைக் குறைத்தார். 2024இல் இத்தாலியின் ஜோனதன் மிலான் 3 நிமிடம் 59.153 விநாடி என மேலும் குறைத்தார்.

எனினும், இப்பந்தயம் என்ன என்பதை ஒருவருக்குக் காட்ட ஒரே ஒரு போட்டியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், 2023இல் கிளாஸ்கோ நகரில் நடந்த உலக இறுதியையே நாம் சுட்டுவோம். ஒரு பக்கம் கன்னா. ஏற்கெனவே ஐந்து முறை உலகச் சாம்பியன். மறு பக்கம் பிரிட்டனின் டான் பிகம், தொழிலால் பொறியாளர். ஒரு மணி நேரத்தில் மிகுந்த தூரம் ஓட்டும் சாதனையை 2022இல் கன்னா நிகழ்த்தியபோது, அதற்கு வேண்டிய கணக்குகளில் உதவியவர்களுள் இவரும் ஒருவர். அச்சாதனைக்கு முந்திய சாதனை இவருடையதே. தாம் யாருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தாரோ அவரையே எதிர்த்துப் பிகம் நின்றார். கணக்குப் பிசகாமல் ஓட்டினார். கடைசிச் சுற்று வரை முந்தியும் இருந்தார். கன்னா பதறவில்லை. பின்தங்கிய நிலையிலும் தம் அளவை விடாமல் காத்து, இறுதியில் மட்டும் எஞ்சிய வலிமையை வெளியிட்டார். 4 நிமிடம் 1.976 விநாடியில் அவர் கோட்டைத் தொட்டார். பிகம் தொட்டது 4 நிமிடம் 2.030 விநாடியில். 16 சுற்றுகளுக்குப் பின் வேறுபாடு ஒரு மீட்டரும் இல்லை.

நம் நாட்டுக்கும் இப்பந்தயம் முற்றிலும் புதிதன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் அணித் துரத்துப் பந்தயத்தில் இந்திய அணியும் கலந்துகொண்டது, பதக்கம் எட்டவில்லை. தில்லியில் வாழும் நம்மவர் யமுனைக் கரையில் இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்தைப் பேருந்தில் கடந்து சென்றிருப்பர். 2010ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டிகளுக்காக 250 மீட்டர் மரத்தளக் களம் அங்கேதான் கூரையின் கீழ் அமைக்கப்பட்டது. அந்தக் களத்தில் தனிநபர் துரத்துப் பந்தயத் தங்கத்தை வென்றவர் ஆஸ்திரேலியரான ஜாக் பாப்ரிஜ். நான்கே மாதங்களுக்குப் பின், 2011 பிப்ரவரியில், சிட்னியில் 4 நிமிடம் 10.534 விநாடியில் ஓட்டி, போர்டுமனின் பழைய நேரத்தை இறுதியாக அழித்தவரும் அவரே. ஆசியக் களச் சைக்கிள் போட்டிகளும் 2022இல் தில்லியில் நடந்தேறின. தில்லியில் மட்டுமின்றி, லூதியானாவிலும் ஐதராபாத்திலும் பல்கலைக்கழக வளாகங்களில் சைக்கிள் களங்கள் அமைந்துள்ளன.

ஆகையால், இத்தகைய போட்டியை நேரிலோ தொலைக்காட்சியிலோ காணும் வாய்ப்பு நேர்ந்தால் அன்பர்கள் செய்ய வேண்டியது இதுதான். இரு வீரர்களையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்தை வலிக்கச் செய்துகொள்ள வேண்டாம். நேரப் பலகையை நோக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நான்கைந்து சுற்றுகளில் ஒருவர் வெகுவாக முந்தியிருந்தால், அதற்குள் அவரை வென்றவராகக் கொள்ள வேண்டாம். அவருடைய சுற்று நேரம் பத்தாவது சுற்றுக்கு மேல் நீளத் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். மற்றவருடைய நேரம் அசையாமல் அப்படியே நிற்கிறதா என்றும் பாருங்கள். பிறகு அவருடைய தோள்களை நோக்குங்கள். களைத்தவருக்கு முதலில் தோள் ஆடும். அடுத்து வண்டி உட்கோட்டிலிருந்து சிறிது விலகும். பன்னிரண்டாம் சுற்றில் யார் வெல்வார் என்பதை உங்கள் தாளே பெரும்பாலும் சொல்லிவிடும். கிளாஸ்கோவில் நடந்தது போன்ற நாளில் மட்டும் அந்தத் தாளும் கடைசிக் கோடு வரை விடை சொல்லாது.